பயணச்சீட்டில் மூன்றரை மணி நேரம், வானத்தில் ஆறு மணி நேரம்



சென்ற வாரம் இஷா தொழுகைக்குப் பின் திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பத்தினர் விழுப்புரத்திற்கு நம்மைத் தேடி வந்திருந்தனர். தந்தை, தாய், வேலைக்குச் செல்லும் மகன், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள், முழங்கால் வலியுடன் நடக்கும் பெத்தம்மா என ஐவர். அல்ஹம்துலில்லாஹ், ஐவரும் உம்ராவுக்குப் புறப்படுகிறார்கள். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். மகன் தன் கைப்பேசியில் பயணச்சீட்டைத் திறந்து காட்டினார். சென்னையிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் பிற்பகல் 1.30க்கு வருகை.

"மூணரை மணி நேரந்தான் ஹஜ்ரத். அத்தாவுக்குக் குளிர் ஆகாது. இஹ்ராம் துணியை ஜித்தாவுல எறங்குன பிறகு கட்டிக்கலாம்ல?" என்று அவர் கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு பிழைகள் ஒளிந்திருந்தன. ஒன்று கணக்குப் பிழை, மற்றொன்று மார்க்கப் பிழை. முதல் பிழையிலிருந்துதான் இரண்டாவது பிறந்தது என்பதே நம்மைச் சிந்திக்க வைத்தது. நம் சமுதாயத்தில் ஒரு பயணத்தின் விலையை ரூபாய் வரை பேரம் பேசத் தெரிகிறது. எத்தனை கிலோ பெட்டி கொண்டு செல்லலாம், திரும்பும்போது எத்தனை லிட்டர் ஸம்ஸம் கிடைக்கும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்தப் பயணத்தின் தூரமும் நேரமும் நம் வணக்கங்களை எங்கெங்கே தொடுகின்றன என்று கேட்டால் மட்டும் மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்துக்கு முதல் பொறுப்பு மத்ரஸாவில் பாடம் நடத்தும் நாம்தான் என்பதையும் ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

கணக்கை முதலில் பார்ப்போம். பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊரின் கடிகார நேரங்கள். இந்தியக் கடிகாரம் சவூதிக் கடிகாரத்தை விட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஜித்தாவில் 1.30 என்றால் சென்னையில் அப்போது மாலை 4 மணி. ஆகவே 10 மணிக்குப் புறப்பட்ட விமானம் வானத்தில் இருப்பது ஆறு மணி நேரம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர் வரும். மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வரை செல்லும் பயணிகள் விமானம் இத்தொலைவை மூன்றரை மணி நேரத்தில் கடக்க இயலாது. ஒப்பிட்டுப் பார்க்க, நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் துபாய் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர். அதற்கே நான்கு மணி நேரம் பிடிக்கிறது.

திரும்பும்போது இதே பிழை தலைகீழாக நிகழும். ஜித்தாவில் இரவு 10.30க்கு ஏறி, சென்னையில் காலை 6.30க்கு இறங்கினால் எட்டு மணி நேரம் போல் தோன்றும். உண்மையில் அது ஐந்தரை மணி நேரம்தான். மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று, குறிப்பாகக் குளிர்காலத்தில், திரும்பும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. அதனால் திரும்பும் பயணம் போகும் பயணத்தை விடச் சற்றுக் குறைகிறது.

இனி இஹ்ராமுக்கு வருவோம். மக்காவுக்கு உம்ரா நிய்யத்துடன் செல்பவர் மீகாத் எல்லையை இஹ்ராம் இன்றிக் கடக்கலாகாது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவாசிகளுக்குத் துல்ஹுலைஃபாவையும், ஷாம் நாட்டவருக்கு ஜுஹ்ஃபாவையும், நஜ்துவாசிகளுக்குக் கர்னுல் மனாஸிலையும், யமன் நாட்டவருக்கு யலம்லமையும் எல்லையாக நிர்ணயித்தார்கள் என்பதும், அந்த வழியே வரும் பிற நாட்டவருக்கும் அவையே எல்லை என்பதும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்த செய்தி. மக்தபில் ஓதிய எல்லோருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். சிக்கல் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. நாம் பாடம் நடத்தும் கையேடுகள் சிலவற்றில் "இந்தியர்களின் மீகாத் யலம்லம்" என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். மாணவரும் அதை அப்படியே ஒப்பிப்பார். ஏன் யலம்லம் என்று ஆசிரியரும் சொல்வதில்லை, மாணவரும் கேட்பதில்லை.

அது கப்பல் காலத்து வாசகம். நம் முன்னோர்கள் ரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலில் ஜித்தா சேர்ந்தனர். ஏறத்தாழ 2,300 கடல் மைல். பழைய கப்பல்களுக்கு இதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாள்கள் தேவைப்பட்டன. ஏடனைச் சுற்றிச் செங்கடலுக்குள் நுழைந்து வடக்கு நோக்கிச் செல்லும் கப்பல் யமன் திசையிலிருந்து வருகிறது. ஆகவே யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினர். அது அவர்களுக்கு முற்றிலும் சரியான சட்டம். மும்பையிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டோடு நின்றுபோனது. கப்பல் நின்று முப்பது ஆண்டுகள் ஆகியும் நம் பாடம் இன்னும் அந்தக் கப்பலிலேயே பயணம் செய்துகொண்டிருக்கிறது.

சென்னையிலிருந்து செல்லும் விமானம் அரபிக் கடலைத் தாண்டி, பெரும்பாலும் ஓமன் பக்கமாக அரேபிய நிலப்பரப்புக்குள் நுழைந்து, பாலைவனத்தின் மேலாகக் கிழக்கிலிருந்து ஜித்தாவை நெருங்குகிறது. யமனில் போர் மூண்ட 2015 முதல் பெரும்பாலான பயணிகள் விமானங்கள் அந்நாட்டு வானத்தைத் தவிர்த்தே செல்கின்றன. எனவே நம் பயணி கடப்பது தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸிலையோ அதற்கு நேரான கோட்டையோதான். இறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்பே அந்த இடம் கடந்துவிடுகிறது. ஜித்தாவில் சக்கரம் தரையைத் தொடும்போது மீகாத் நமக்குப் பின்னால் போய்விட்டது.

நேரான கோடு என்பது இக்காலத்தவர் கண்டுபிடித்த சமாதானம் என்று சிலர் எண்ணக்கூடும். அது உமர் (ரலி) அவர்கள் காலத்திலேயே வந்த தீர்வு. இராக்கில் கூஃபா, பஸ்ரா நகரங்கள் உருவானபோது, கர்ன் எங்கள் பாதையிலிருந்து விலகி இருக்கிறதே, அங்கே போய் வருவது சிரமமாயிற்றே என்று அம்மக்கள் முறையிட்டனர். உங்கள் பாதையில் அதற்கு நேராக வரும் இடத்தைப் பாருங்கள் என்று கூறி, தாத்துல் இர்க்கை அவர்களுக்கு எல்லையாக்கினார்கள் கலீஃபா அவர்கள். ஒட்டகப் பாதைக்குச் சொன்ன அதே அளவுகோலே விமானப் பாதைக்கும் பொருந்துகிறது. 1986ஆம் ஆண்டு அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும், ஆகாய வழியாகவோ கடல் வழியாகவோ வருபவர்கள் மீகாத்துக்கு நேராக வரும்போதே இஹ்ராம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. ஜித்தாவிலேயே இஹ்ராம் கட்டலாம் என்ற கருத்துடைய ஆலிம்களும் உண்டு. அவர்களோடு வாதம் செய்வது நம் நோக்கமன்று. ஆயினும் வாழ்நாளில் ஒருமுறை கிட்டும் பயணத்தில், பெரும்பான்மை ஆலிம்கள் எச்சரிக்கும் இடத்தில் நின்றுகொண்டு சலுகையைத் தேடுவது நம் மனத்துக்கு ஒப்பவில்லை.

இதில் இழப்பு என்ன என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு உம்ரா சென்றார். ஏற்பாடு செய்த முகவர், "அங்க போய்ப் பாத்துக்கலாம் பாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஜித்தாவில் இறங்கிய பின்னரே உடன் வந்த ஒருவர் மூலம் விவரம் தெரிந்தது. தாயிஃப் பக்கமுள்ள மீகாத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்டி வரலாம், இல்லையேல் ஆளுக்கொரு ஆடு தம் கொடுக்க வேண்டும். மீகாத்துக்குச் சென்று வர வண்டிக்குப் பணமில்லை. நான்கு ஆடுகளுக்கும் பணமில்லை. ஊரிலிருந்து மச்சான் கடன் வாங்கி அனுப்பினார். ஆடுகள் ஹரம் எல்லைக்குள் அறுக்கப்பட்டன, கடமை நீங்கியது. ஆனால் அந்தப் பெரியவர் கஅபாவை முதன்முதலாகக் கண்ட நேரத்தில் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஆட்டின் விலை. ஊர் திரும்பியபின் நம் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான். முகவர் மீது அவருக்குக் கோபமில்லை. "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கணும் ஹஜ்ரத்" என்றார். கேட்டிருந்தாலும் அன்று நாம் யலம்லம் என்று மட்டும்தான் சொல்லியிருப்போமோ என்ற அச்சம் இன்றும் நமக்கு உண்டு.

எனவே திண்டிவனத்துக் குடும்பத்துக்கு நாம் கூறியது எளிது. குளித்து, ஆண்கள் இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்ளட்டும். குளிருக்கு மேலே ஒரு கம்பளியைப் போர்த்திக்கொள்வதில் தடையில்லை, தலையை மட்டும் மூடாதிருக்க வேண்டும். துணி உடுத்தியதாலேயே இஹ்ராம் ஆகிவிடாது. நிய்யத்தும் தல்பியாவும் மீகாத்தை நெருங்கும்போது. விமானத்தில் அறிவிப்புச் செய்வார்கள். ஆனால் அதையே நம்பி உறங்கிவிடலாகாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தில் ஐந்து நிமிடத் தூக்கம் என்பது 70 கிலோமீட்டர். அறிவிப்பைக் கேட்டபின் துணி மாற்ற எழுந்தால், கழிவறை வாசலில் இருபது பேர் நிற்பார்கள். ஆகவே இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, அதாவது சென்னைக் கணக்கில் மாலை 3 மணிக்கு, பேணுதலாக நிய்யத் செய்துகொள்வது பாதுகாப்பு. மீகாத்துக்கு முன்பே இஹ்ராமில் நுழைவது செல்லும் என்பதில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. பெண்களுக்குத் தனி உடுப்பு ஏதுமில்லை என்பதால் பெத்தம்மாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நேரே மதீனாவுக்கு விமானம் ஏறுபவர்களுக்கும் வானத்தில் இஹ்ராம் இல்லை. அவர்கள் மதீனாவிலிருந்து மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்வார்கள்.

இது வரை வானத்துத் தூரம். தரைத் தூரத்தை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ரயில் பாதையில் சென்னை எழும்பூருக்கும் விழுப்புரத்துக்கும் 159 கிலோமீட்டர், திண்டிவனத்துக்கு 122. விமான நிலையத்துக்கு எதிரேயுள்ள திரிசூலம் வரை என்றால் விழுப்புரத்துக்காரருக்கு 140ஐ ஒட்டியும், திண்டிவனத்துக்காரருக்கு 103ஐ ஒட்டியும் வரும். பயணத் தொழுகைக்கான தூரத்தை ஹனஃபி மத்ஹபில் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபிலும் 80 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. எனவே கஸ்ர் என்னும் சலுகை விமானப் படிக்கட்டில் தொடங்குவதன்று. விழுப்புரத்தின் கடைசி வீட்டைத் தாண்டி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை நோக்கி வண்டி ஓடும்போதே அவர் பயணி. விமான நிலையத்தில் காத்திருக்கும்போது லுஹரை நான்கு ரக்அத்தாகத் தொழுபவர்களையும், மீனம்பாக்கம் சென்னையில்தானே இருக்கிறது, இது நம்மூர்தானே என்று வாதிடுபவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். விழுப்புரத்துக்காரருக்குச் சென்னை வெளியூர்தான்.

புதுச்சேரியில் விமான நிலையம் இருக்கிறதே, 40 கிலோமீட்டரில் வேலை முடிந்துவிடுமே என்று சிலர் ஆதங்கப்படுவார்கள். லாஸ்பேட்டையிலுள்ள அந்த நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர் அளவுதான். சிறிய விமானங்களுக்கே அது போதும். ஜித்தா செல்லும் பெரிய விமானம் அங்கே இறங்கப் போவதில்லை.

2022ஆம் ஆண்டு ஹஜ்ஜை நினைவுகூர்ந்தால் தரைத் தூரத்தின் அருமை விளங்கும். பெருந்தொற்றுக்குப் பின் ஹாஜிகள் புறப்படும் விமான நிலையங்களின் எண்ணிக்கை பத்தாகக் குறைக்கப்பட்டபோது சென்னை அப்பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டு ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏற நேர்ந்தது. வரைபடத்தில் பார்த்தால் கொச்சிக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர், சென்னையை விட 280 கிலோமீட்டர் குறைவு. வானத்தில் இருபது நிமிடம் மிச்சம். அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்க விழுப்புரத்துப் பெரியவர்கள் சேலம், கோவை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தரையில் சென்றனர். வழியனுப்பச் செல்லும் உறவினர்கள் பாதிப் பேர் ஊரிலேயே நின்றுவிட்டனர். 2023இல் சென்னை மீண்டும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். விமான தூரத்தை மட்டும் வைத்து ஒரு பயணத்தை எடை போடுபவர்கள் அந்த ஒரு வருடத்தை ஹாஜிகளிடம் விசாரித்துப் பார்க்கலாம்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் காலை 10 மணி விமானத்துக்கு விழுப்புரத்திலிருந்து பின்னிரவு 3 மணிக்கேனும் புறப்பட வேண்டும், திண்டிவனத்திலிருந்து 4 மணிக்கு. ஃபஜ்ர் நேரம் செங்கல்பட்டுக்கு முன்னும் பின்னுமாக, சாலையிலேயே வரும். பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை நீண்டிருக்கும். ஓட்டுநர், "ஏர்போர்ட் போயிடலாம் பாய், அங்க தொழுதுக்கலாம்" என்பார். அவர் சொல்வது நல்லெண்ணத்தில்தான். ஆனால் தாம்பரம் நெரிசலில் சூரியன் எழுந்துவிடும். செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் பள்ளிவாசல்கள் உள்ளன. எங்கே நிறுத்துவது என்பதை முந்தைய நாளே ஓட்டுநரிடம் சொல்லிவைப்பது நன்று. பெண்கள் ஒளுவுடன் புறப்பட்டால் இன்னும் எளிது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர் வழியிலேயே ஒரு ஃபர்ளைத் தவறவிடுவதை எப்படிச் சொல்வது?

போகும் விமானத்தில், மேற்சொன்ன 10 மணிப் பயணத்தில், தொழுகைக்குச் சிரமமில்லை. சூரியன் செல்லும் திசையிலேயே விமானமும் செல்வதால் பகல் நீள்கிறது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே 41 தீர்க்கரேகைகள். ஒரு தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் வீதம் இரண்டே முக்கால் மணி நேரம் சூரியன் நமக்காகக் காத்திருப்பது போலாகிறது. பிற்பகல் 1.30க்கு இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து லுஹரைத் தாராளமாகத் தொழலாம்.

திரும்பும் விமானம்தான் நம்மை அஞ்ச வைக்கிறது. இரவு 10.30க்கு ஜித்தாவில் ஏறுகிறோம். உம்ரா முடிந்த களைப்பு, உணவு தருகிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள். எல்லோரும் உறங்குகிறார்கள். விமானம் சூரியனை எதிர்கொண்டு கிழக்கே விரைகிறது. பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் எழுவது 6.30ஐ ஒட்டி. நாம் இறங்குவதும் 6.30க்கு. அரபிக் கடலைத் தாண்டிக் கேரளக் கரையை நெருங்கும்போது, இறங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கையில், ஃபஜ்ர் நேரம் நுழைகிறது. தரையில் 70 நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்த நேரம், எதிர்த்திசைப் பயணத்தால் முக்கால் மணி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதிலும் கடைசி இருபது நிமிடம் இருக்கைப் பட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டிய நேரம். கண் விழித்து, "எறங்கித் தொழுதுக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி வரும் வரை காத்திருந்து வெளியே வந்தால் மணி ஏழரை. கஅபாவின் நிழலில் பத்து நாள் தஹஜ்ஜுத் தொழுதவர்கள் நிறைந்த ஒரு விமானம் முழுவதும் ஃபஜ்ரைக் களாவாக்கிவிட்டுத் தரையிறங்குவதை நாம் நேரில் கண்டோம். அன்று விழித்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவினர். நாமும் ஒரு பயணத்தில் தூங்கியவர்களில் ஒருவராக இருந்திருக்கிறோம் என்பதை மறைக்கவில்லை.

ஆகவே கைப்பேசியில் எழுப்பும் மணியை வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊர் நேரப்படி என்பதில்தான் கவனம் தேவை. விமானத்தில் கைப்பேசி சவூதி நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். மேற்சொன்ன பயணத்தில் சென்னை நேரம் 5.30 என்பது கைப்பேசியில் 3.00. அந்த நேரத்துக்கு வைத்தால் எழுந்து, கழிவறையில் உறுப்புகளை ஒருமுறை மட்டும் கழுவி ஒளு செய்துகொள்ளக் கால அவகாசம் கிடைக்கும். தண்ணீரைத் தரையெங்கும் சிந்திவிட்டு வருவது அடுத்தவருக்குச் செய்யும் தொல்லை, அதற்கும் நாளை பதில் சொல்ல வேண்டும். தொழும் திசை விமானத்தின் வால் பக்கம், ஏனெனில் மக்கா நமக்குப் பின்னால் இருக்கிறது. பணியாளர்களிடம் கனிவாகக் கேட்டால், அவர்கள் உணவு தயாரிக்கும் பகுதிக்கு அருகே நின்று தொழ இரண்டு நிமிடம் இடம் தருவார்கள். இடம் கிட்டாவிட்டால் இருக்கையில் அமர்ந்தவாறே சாடையால் தொழுது நேரத்தின் கண்ணியத்தைக் காத்து, தரையிறங்கியபின் அதை மீண்டும் தொழுதுகொள்வதே பேணுதல் என்று நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தனர்.

ரமலானில் உம்ரா செல்வோருக்கு இன்னொரு செய்தி. நோன்புடன் பிற்பகல் 3 மணிக்குச் சென்னையில் ஏறுபவர், மாலை 6.20 ஆனதும் கைப்பேசியில் சென்னைப் பாங்கு ஒலிக்கிறது என்று நோன்பைத் திறந்துவிடக் கூடாது. சன்னலுக்கு வெளியே சூரியன் உயரத்தில் நிற்கும். அவர் ஏறத்தாழ ஜித்தாவில் இறங்கும் வரை அது மறையாது. வழக்கமான நோன்பை விட இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நீளும். உயரமும் கணக்கில் சேரும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் தாழ்ந்து தெரிவதால், கீழே தரையில் இருப்பவருக்கு மறைந்த சூரியன் மேலே இருப்பவருக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் தெரிந்துகொண்டிருக்கும். துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் 80ஆவது மாடிக்கு மேல் வசிப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆவது மாடிக்கு மேல் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்கத் துறையினர் அறிவித்தது இதனால்தான். அந்தக் கட்டடத்தின் உயரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை குர்ஆனிலேயே உண்டு. ஆயினும் ஸஹர் செய்து, ஃபஜ்ர் நேரம் நுழைந்தபின் ஊரை விட்டுப் புறப்பட்டவர், தாங்க இயலாத சிரமம் ஏற்பட்டாலன்றி அன்றைய நோன்பை நிறைவு செய்வதே நம் இரு மத்ஹபுகளிலும் உள்ள நிலை. பெத்தம்மா போன்ற முதியவர்களை இந்தக் கணக்கைப் பார்க்காமல் அத்தகைய விமானத்தில் ஏற்றுவது அன்பாகாது. நூறு ரூபாய் குறைகிறதா என்று பார்ப்பது போல், புறப்படும் நேரம் எது என்றும் பார்த்துச் சீட்டு எடுக்கலாம்.

முற்காலத்து மத்ரஸாக்களில் நேரக் கணிதம் தனிப் பாடமாக இருந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் நிழலை அளந்து அஸர் நேரத்தைக் கண்டுபிடிக்க மாணவர் கற்றார். இன்று சுவரில் அட்டவணை தொங்குகிறது, கைப்பேசி பாங்கு சொல்கிறது. அட்டவணை ஊரை விட்டு நகராது. நாம் நகர்கிறோம், மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில். நம் வகுப்பில் மீகாத்துகளின் பெயரைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரிடம் ஒரு விமானச் சீட்டைக் கொடுத்து, இதில் எத்தனை தொழுகைகள் வருகின்றன, எவை தரையில், எவை வானத்தில் என்று கேட்டுப் பார்த்தோம். விழித்தார். அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை.

அன்றிரவு திண்டிவனத்துக் குடும்பம் எழுந்து செல்லும் முன், அதுவரை பேசாதிருந்த மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே இரண்டு பத்திகளில் கோடு போட்டு, ஒன்றில் இந்திய நேரம், மற்றொன்றில் சவூதி நேரம், இடையில் ஐந்து தொழுகைகள், மாலை 3 மணிக்கு எதிரே "அத்தா நிய்யத்" என்று எழுதி வைத்திருந்தாள். திரும்பும் விமானத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்தச் சீட்டு இன்னும் எடுக்கவில்லையாம். இரவு விமானமா, பகல் விமானமா என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டே படியிறங்கினாள்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் நம் மத்ரஸாவில் இதே கணக்கை ஒரு வகுப்பாக நடத்த எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. வருபவர்கள் தங்கள் பயணச்சீட்டையும் ஒரு பேனாவையும் கையோடு கொண்டு வரட்டும்.